தேவிகுளத்து மலையில் ஒரு மெட்டு: பாவலர் சகோதரர்கள் தம் ஒலியைக் கண்டடைந்த வரலாறு

1958ஆம் ஆண்டின் தேவிகுளம் இடைத்தேர்தலைக் கேரள அரசியல் வரலாறு எழுதியவர்கள் மறக்காமல் குறிப்பிடுவர். தமிழ்த் திரையிசை வரலாறு எழுதியவர்களோ அதைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுவர். இந்த நீண்ட பதிவு அந்த ஒரு வரியைப் பற்றியது.

முதலில் தேர்தல். 1957இல் நடந்த கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 126 இடங்களில் 60 இடங்களை வென்றது. சுயேச்சைகள் ஐவரின் துணையோடு ஏப்ரல் 5 அன்று இ.எம்.எஸ். நம்பூதிரிப்பாடு முதலமைச்சரானார். தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸ்தான் அந்தச் சட்டமன்றத்தில் முதலாவதாக உறுதிமொழி ஏற்று, தற்காலிக அவைத்தலைவராக இருந்தவர். காங்கிரஸ் வேட்பாளர் பி.கே. நாயரின் வேட்புமனு தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது என்ற வழக்கில் அவருடைய வெற்றி செல்லாது எனத் தீர்ப்பாயிற்று. நூலிழைப் பெரும்பான்மையில் நின்ற ஓர் அரசுக்கு ஒவ்வோர் இடமும் உயிர்நிலை. மறுதேர்தலின் பொறுப்பைக் கட்சி இளம் வி.எஸ். அச்சுதானந்தனிடம் ஒப்படைத்தது.

அங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. தலைவர்கள் மலையாளத்தில் பேசுவர். வாக்காளர்களுள் பெருந்தொகையினரான தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களோ தமிழர். அந்த இடைவெளியை நிரப்ப மலைக்குக் கீழே பண்ணைப்புரத்திலிருந்து ஒரு பாடகர் வந்தார். அவர் பாவலர் வரதராசன். கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு அமர்ந்து, மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த திரைப்பட மெட்டுகளிலும் நாட்டார் மெட்டுகளிலும் புதிய சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் முறை. அவருடைய தம்பி ராசையா தம் 14ஆம் வயதில் அண்ணனின் குழுவில் சேர்ந்தார். 1943இல் பிறந்தவருக்கு அந்த வயதும் தேவிகுளம் இடைத்தேர்தலும் ஒரே காலத்தவை. அப்பரப்புரையில் அவரும் பாடியதாக நினைவுகூரப்படுகிறது. ராசையா பிற்காலத்தில் இளையராஜா.

இவ்வரலாற்றை நான் 'டி.ஜே.' என்ற சொல்லின் வழியாகப் பார்க்க விரும்புகிறேன். சிலர் புருவம் உயர்த்தக்கூடும். 'எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று நிறுவும் வகைப் பதிவு இது இல்லை. அவ்வகை எழுத்தின்மீது எனக்குச் சலிப்பு உண்டு. டி.ஜே. என்னும் கலை நியூயார்க்கிலும் கிங்ஸ்டனிலும் அதற்குரிய கருவிகளோடும் மனிதரோடும் உருவானது. ஆயினும் அக்கலையின் உள்ளியக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று செயல்கள் தெரிகின்றன. கூட்டத்துக்கு முன்பே தெரிந்த ஓர் ஒலியைத் தேர்ந்தெடுப்பது முதலாவது. அந்த நேரத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் ஏற்ப அதை மாற்றுவது இரண்டாவது. பிறர் ஒலியை இவ்வாறு ஆண்டுக்கணக்கில் கையாண்ட பழக்கத்திலிருந்து தமக்கேயான ஓர் ஒலியைக் கண்டடைவது மூன்றாவது. இந்த மூன்றும் தேவிகுளத்திலும் அதன் அடிவாரத்திலும் 1950களிலும் 60களிலும், இசைத்தட்டைச் சுழற்றும் கையோடும் ஆர்மோனியக் கட்டையை அழுத்தும் விரலோடும் நிகழ்ந்தன என்பதே என் கருத்து.

நிலத்தைச் சொல்லாமல் ஒலியைச் சொல்ல இயலாது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்பவர் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவாயிற்று. காட்டை அழித்துத் தேயிலை நடுவதற்கும் கொழுந்து கிள்ளுவதற்கும் வேண்டிய ஆள்கள் கங்காணிகள் மூலம் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் வறண்ட ஊர்களிலிருந்து அழைத்து வரப்பட்டனர். அவர்களுள் பலர் தலித் மக்கள். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறி வந்தவர்கள் வரிசை வீடுகளில் குடியமர்ந்தனர். லயம் என்று அவர்கள் அவ்வீடுகளை அழைக்கின்றனர். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு அது. தாளத்தைக் குறிக்கும் லயத்தோடு அதற்கு உறவில்லை. ஆனால் இந்தக் கட்டுரைக்குள் அச்சொல் வரும்போதெல்லாம் இரண்டு பொருளும் காதில் விழுவதை என்னால் தடுக்க முடியவில்லை.

மொழிவழி மாநிலப் பிரிவினையின்போது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954இல் அப்போராட்டம் உச்சம் பெற்றது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. இதற்குப் பின் இரண்டாண்டுகூட நிறையாத காலத்தில்தான் வரதராசன் மலையேறுகிறார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ்ப் பாடகர் ஒருவர், எல்லைக்குள் அடைபட்ட தமிழ்த் தொழிலாளரிடம், கேரளத்தை ஆளும் கட்சிக்காகப் பாடினார். மொழி உணர்வு என்னும் ஒற்றைச் சாவியால் இந்தப் பூட்டு திறவாது. லயத்தில் இருந்தவருக்குக் கூலியும் போனசும் தொழிற்சங்கமும் எல்லைக்கோட்டைவிட அண்மையில் இருந்தன.

அந்நாளில் அம்மலையில் இசை எவ்வழியே வந்து சேர்ந்தது? இரண்டு வழிகள் முதன்மையானவை.

ஒன்று வானொலி. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தார். அவ்விடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு நிரப்பிற்று. தென்மாவட்டங்களில் தெளிவாகக் கேட்ட அந்நிலையத்தில் எஸ்.பி. மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்கள் இசைத்தட்டுகளைத் தேர்ந்து, அவற்றுக்கிடையே பேசி, நேயரைத் தம் பின்னால் வரச்செய்தனர். 'டிஸ்க் ஜாக்கி' என்ற சொல்லின் தொடக்கப் பொருளில் தமிழின் முதல் டி.ஜே.க்கள் இவர்களே. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியபோதும் இலங்கையின் பிடி உடனே தளரவில்லை. தேவிகுளத்து லயங்களிலிருந்தவரின் உறவினர் சிலர் இலங்கை மலையகத்தின் லயங்களில் இருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒலிபரப்பு அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருக்க முடியாது.

மற்றது மைக் செட். ரேடியோ செட் என்றும் சொல்வர். ஓர் ஆம்ப்ளிபயர், ஒரு பேட்டரி, கையால் சாவி கொடுக்கும் அல்லது மின்சாரத்தில் சுழலும் தட்டுப்பெட்டி, மரத்தின் உச்சியில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிகள், தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத்தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். ஆகவே மைக் செட்காரர் மூன்று நிமிடத்துக்கொரு முறை ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: அடுத்து எது? விடியலில் பக்திப்பாட்டு, மாப்பிள்ளை அழைப்பில் ஒன்று, பந்தி நடக்கும்போது ஒன்று, இரவு ஏறியபின் திரைப்பட வசனத்தட்டு என்று அவர் கையில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெட்டியின் அடியில் கிடக்கும் தட்டை எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் ஒரு செட்காரர் மற்றொருவரிடமிருந்து வேறுபட்டார். அவருக்கு ஊரில் இருந்த மதிப்பு ஒரு கலைஞனுக்குரியது. கூலி ஒரு சுமைகாரனுக்குரியது.

அக்குழாய் ஒலிபெருக்கியின் இயல்பைப் பற்றி ஒரு சொல். கூம்பு வடிவம் நடுத்தர அதிர்வெண்களை வலுப்படுத்தும். கீழ்ச்சுரங்களை ஏறக்குறைய விழுங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பியும் பெரிய மேளத்தின் அடியும் பள்ளத்தாக்கில் கரைந்துபோகும். குரல், நாகசுரம், குழல், ஆர்மோனியத்தின் நாக்கு ஆகியவையோ பனியைக் கிழித்துக்கொண்டு அடுத்த மலையின் லயம்வரை செல்லும். இத்தகைய வெளியில் கேட்டுப் பழகிய காதுக்கு மெட்டின் வடிவமே பாட்டின் உயிர். மலையகத்திலும் அடிவாரத்திலும் வளர்ந்த ஓர் இசையமைப்பாளரின் மெட்டுணர்வை ஆராய்வோர் கர்நாடக இராகங்களையும் மேற்கத்திய இசைப்புலமையையும் தேடுகின்றனர். இந்தத் தகரக்கூம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில் நடந்ததை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிளெமென்ட் 'காக்ஸோன்' டாட், டியூக் ரீட் போன்றோர் பெரும் ஒலிபெருக்கி அடுக்குகளைத் தெருவில் நிறுத்தி, அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த தட்டுகளை ஓட்டினர். டாட் அமெரிக்காவில் பண்ணைக் கூலியாக வேலை செய்தபோது அந்தத் தட்டுகளை அறிந்தவர். நல்ல பாட்டு எது என்று போட்டியாளர் கண்டுகொள்ளாதிருக்கத் தட்டின் நடுவேயுள்ள பெயர்த்தாளைச் சுரண்டிவிடும் வழக்கமும் அங்கே இருந்தது. பின்னர் குரல் நீக்கிய இசைப்பக்கத்தின்மேல் புதிய சொற்களைப் பேசும் முறை வளர்ந்து, 1970 அளவில் யூ-ராய் என்பவரால் புகழ்பெற்றது. கிங்ஸ்டனில் பிறந்து 1967இல் நியூயார்க்கில் குடியேறிய கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியில் தம் தங்கை நடத்திய விருந்தில் இரண்டு தட்டுகளைக்கொண்டு ஆடவைத்த நிகழ்வை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். தெரிந்த இசையின்மேல் புதுச்சொல் ஏற்றுவது, கூலி மக்களின் கூட்டம், தெருவுக்கு இறங்கிய ஒலிபெருக்கி ஆகிய மூன்றும் இரண்டு இடங்களிலும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததென யாரும் சொல்ல முடியாது. தோட்டப் பொருளாதாரம் ஒரே வகை மனிதர்களை ஒரே வகை இரவுகளில் கூட்டிற்று. கருவி விலை குறைந்து அவர்கள் எல்லைக்குள் வந்தபோது ஒரே வகை வழக்கங்கள் பிறந்தன என்று கொள்வதே பொருத்தம்.

இனி வரதராசனின் முறை. தெரிந்த மெட்டில் புதுப்பாட்டுக் கட்டுவது தமிழுக்குப் புதிதன்று. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பில் 'வர்ணமெட்டு' என்று போட்டு இன்ன பாட்டின் மெட்டில் பாடுக என்று அச்சிட்டிருப்பர். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து மெட்டுகள் எத்தனை கைகளில் எத்தனை பாட்டாயின என்பதற்குக் கணக்கில்லை. மதுரை பாஸ்கரதாஸ் விடுதலைப் போராட்டக் காலத்தில் எழுதிய பாட்டுகள் நாடக மேடையிலிருந்து இசைத்தட்டுக்கும் தட்டிலிருந்து தெருவுக்கும் பரவியதைத் தியடோர் பாஸ்கரன் விரிவாக ஆராய்ந்துள்ளார். இம்மரபின் நேர்வாரிசு வரதராசன்.

மரபில் இல்லாத ஒன்றும் அவரிடம் இருந்தது, அது வேகம். திரைப்பாட்டு மைக் செட்டில் ஏறிய சில வாரங்களிலேயே அதன் மெட்டு கட்சிமேடையில் வேறு சொற்களோடு வந்துவிடும். கூட்டத்தினர் மெட்டை முன்பே மனத்தில் வைத்திருப்பதால், புதுச்சொல் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய சொல்லுக்கும் புதிய சொல்லுக்கும் உள்ள முரணே நகைச்சுவையாகும். எழுத்தறியாதவர் மிகுந்த தொகுதியில் சின்னமே வேட்பாளர். காங்கிரசின் சின்னம் இரட்டைக் காளை; கம்யூனிஸ்டுகளின் சின்னம் கதிர் அரிவாள். தேவிகுளத்தில் வரதராசன் பாடியவற்றுள் பெரிதும் பேசப்படுவது அந்த இரண்டு காளைகளையும் வசமாக மாட்டிக்கொண்ட விலங்குகளாக்கிக் கேலி செய்த பாட்டு. நீண்ட சொற்பொழிவு செய்ய வேண்டியதை அது ஒரு பல்லவியில் முடித்தது. மறுநாள் கொழுந்து கிள்ளும்போது பெண்கள் வாயில் அது இருக்கும், சொற்பொழிவு இராது.

மலையாளப் பரப்பில் இடதுசாரி இசைக்கு அப்போது வலிய ஓர் அமைப்பு இருந்தது. கே.பி.ஏ.சி. நாடகக்குழு 1952இல் அரங்கேற்றிய 'நிங்ஙளென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகம், ஓ.என்.வி. குறுப்பின் வரிகளையும் ஜி. தேவராஜனின் இசையையும் ஊர்தோறும் கொண்டுசென்றது. அவை அந்நாடகத்துக்கென்றே எழுதி இசையமைத்த பாட்டுகள். வரதராசனுக்கு அத்தகைய குழுவும் இல்லை, ஒத்திகைக்கு நேரமும் இல்லை. கையில் இருந்தவை ஓர் ஆர்மோனியம், ஒரு தாளக்கருவி, ஊரார் காதில் கிடந்த மெட்டுகள். வறுமை ஒரு முறையியலைக் கட்டாயப்படுத்திற்று. அதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கிங்ஸ்டன் தெருவிலும் அதுவேதான் நடந்தது.

ரோசம்மா புன்னூஸ் மீண்டும் வென்றார். அவ்வெற்றியின் பெருமை பாவலருக்கே உரியது என்று இ.எம்.எஸ். பாராட்டியதாகச் சொல்லப்படுவதுண்டு. பாராட்டு உண்மையாக இருக்கலாம். பாராட்டின் பொருளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தொழிற்சங்கக் கிளைகளின் உழைப்பும் ஆட்சியில் இருந்ததன் பலமும் வாக்குகளைத் தீர்மானித்திருக்கும். பாட்டு வாக்கை உண்டாக்குவதைவிட, முன்பே இருந்த உறுதிக்கு ஒரு வாயை உண்டாக்குகிறது என்பதே சரியான மதிப்பீடாகும்.

இதற்குப் பின் நடந்ததைப் பாவலர் புகழ் பாடுவோர் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதே 1958ஆம் ஆண்டு அக்டோபரில் மூணாறு தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. தொழிலாளர் இருவர் இறந்தனர். சுட்டது இ.எம்.எஸ். அரசின் காவல்துறை. மே மாதத்துப் பாட்டுக்குக் கைதட்டிய கூட்டமும் அக்டோபரில் குண்டுக்கு எதிரே நின்ற கூட்டமும் வேறு வேறு மக்களல்லர். தெரிந்த மெட்டில் ஏற்றிய சொல்லின் வாழ்நாள் எவ்வளவு என்பதை அந்த ஐந்து மாதங்கள் காட்டிவிட்டன. மெட்டு கூட்டத்துக்கு உரியது. அதன்மேல் ஏற்றப்பட்ட வாக்குறுதி கட்சிக்கு உரியது. வாக்குறுதி பொய்த்தால் மெட்டு கூட்டத்திடமே திரும்பிவிடும். சொல் மாறிமாறி ஏறி இறங்கும் மெட்டுகளோடு பத்தாண்டு வாழ்ந்த ஒரு சிறுவன் பின்னாளில் சொல்லைவிட இசையே முந்தையது என்று திரும்பத் திரும்பக் கூறினால், அதில் தற்பெருமையை மட்டும் காண்போரோடு நான் உடன்படவில்லை.

குழு வளர்ந்தது. வரதராசன், பாஸ்கர், ராசையா, அமர்சிங் என்ற நால்வரும் 'பாவலர் பிரதர்ஸ்' ஆயினர். அமர்சிங்தான் பின்னாளைய கங்கை அமரன். கட்சிக் கூட்டம், நாடகம், திருவிழா என்று தென்னிந்தியாவின் ஊர்களில் பத்தாண்டு சுற்றினர். அல்லிநகரத்துக்காரரும் சுகாதார ஆய்வாளராகப் பணிபுரிந்தவருமான பாரதிராஜா இக்குடும்பத்தின் நண்பரானார். நாடகம் எழுதி நடிக்க அவருக்கு ஆசை, இசைக்கு இவர்கள். எல்லா ஊர்களிலும் இளைஞர் கூட்டாளிகள் இப்படித்தான் தொடங்குகின்றனர்: ஒருவரிடம் கருவி, ஒருவரிடம் வாய்த்துடுக்கு, ஒருவரிடம் கனவு, எவரிடமும் பணமில்லை.

இந்தப் பத்தாண்டில் அவர்கள் கற்றது என்ன? இசைத்தட்டில் முப்பது பேர் வாசித்த ஒன்றை மேடையில் மூவர் வாசிக்க வேண்டும். வயலின் கூட்டம் எழுப்பும் இடையிசையை ஆர்மோனியத்தின் வலக்கை தனியே சுமக்க வேண்டும். அதற்கு அந்த இசையின் எலும்புக்கூடு தெரிந்திருக்க வேண்டும்: எந்தச் சுரம் இல்லாவிட்டால் கூட்டம் பாட்டை அடையாளம் காணாது, எதை விட்டாலும் கவலையில்லை என்று. இதை எந்தக் கல்லூரியும் கற்பிப்பதில்லை. தட்டின் எந்த நான்கு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் கூட்டம் எழும் என்று கூல் ஹெர்க் கண்டுகொண்டதும் இவ்வகை அறிவே. அதோடு, எந்தத் தட்டிலும் ஏறாத பாட்டுகளும் இவர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன: நடவுப்பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தாய் சின்னத்தாயம்மாளின் வீட்டுப் பாட்டு. மேடையில் பிறர் மெட்டும் வீட்டில் பெயரற்றோர் மெட்டுமாக ஒரே காதுக்குள் இரண்டு நூலகங்கள் சேர்ந்தன. 1964இல் நேரு மறைந்தபோது கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு ராசையா இசையமைத்தார். அவருடைய முதல் சொந்த இசையமைப்பாக அது குறிக்கப்படுகிறது. கடன்பட்ட மெட்டில் புதுச்சொல் ஏற்றி வந்தவர் முதன்முறையாகக் கடன்பட்ட சொல்லில் சொந்த மெட்டை ஏற்றினார்.

1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்குப் புறப்பட்டபோது, தாய் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்பியதை இளையராஜா பலமுறை சொல்லியிருக்கிறார். தாயன்பின் கதையாகவே இது சொல்லப்படுகிறது. ஓர் இசை வரலாற்று மாணவனுக்கு இதில் வேறொன்றும் தெரிகிறது: பிறர் இசையைக் கேட்கும் கருவியை விற்ற காசு, சொந்த இசைக்கான பயணச்செலவாயிற்று.

சென்னையில் நடந்தவை நன்கு அறியப்பட்டவை, சுருக்கமாகச் சொல்கிறேன். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோரோடு வாசித்தார்; அங்கேயும் பிறர் பாட்டுகளை மேடையில் திருப்பி வாசிப்பதே வேலை. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிதார் வாசித்தார். சலில் 1940களில் வங்காள உழவர் போராட்டங்களுக்குப் பாட்டுக் கட்டிய இடதுசாரிக் கலைஞர். வங்க நாட்டார் மெட்டையும் ஐரோப்பியச் சுர அடுக்கையும் இணைத்தவர். தேவிகுளத்துக் கட்சிமேடையிலிருந்து வந்த கிதார்க்காரருக்கு அவரிடம் பார்ப்பதற்கு நிறைய இருந்திருக்கும்.

1976 மே மாதம் 'அன்னக்கிளி' வந்தது. ஆர். செல்வராஜ் அறிமுகப்படுத்த, மேசையில் தாளமிட்டுப் பாடிக்காட்டிய மெட்டுகளில் மனம்பறிகொடுத்த பஞ்சு அருணாசலம், அப்போது ஏ.எம். ராஜா இருந்தமையால் 'ராஜா'வின்முன் 'இளைய' என்று சேர்த்தார். இந்திப் பாட்டுகளின் பிடியிலிருந்து தமிழ்நாட்டை அப்படம் ஒரே நாளில் மீட்டது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. 'ஆராதனா'வும் 'பாபி'யும் இங்கே ஓடியது உண்மை. அதே காலத்தில் எம்.எஸ். விஸ்வநாதனின் பாட்டுகளும் வீடுதோறும் ஒலித்தன. மீட்பர் கதை வசதியானது, அவ்வளவே. நடந்தது அதைவிட நுட்பமானது. நாற்று நடுவோர் வாயில் இருந்த மெட்டின் வளைவு, தட்டுகளை எலும்புவரை உரித்துப் பார்த்த கை, ஐரோப்பிய அடுக்கிசை ஆகிய மூன்றும் முதன்முறையாக ஒரே பாட்டுக்குள் இருந்தன. அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் '16 வயதினிலே' வந்தபோது பழைய நாடக நண்பர்கள் படச்சுருளிலும் ஒன்றுசேர்ந்தனர்.

அப்பாட்டுகள் மரத்தின் உச்சியில் கட்டிய குழாய்கள் வழியே மலைக்குத் திரும்பின. 18 ஆண்டுக்குமுன் பிறர் மெட்டோடு மலையேறிய குடும்பத்தின் சொந்த மெட்டு, அதே வகைக் கூம்பில், அதே லயங்களின்மேல் கேட்டது. மைக் செட்காரர் அதை எத்தனையாவது தட்டாக வைத்தார் என்பதைத்தான் நான் அறிய விரும்புகிறேன்.

பிறகு அவரே பிறருக்கு மூலமானார். 2003இல் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துப் பாட்டின் துண்டொன்றை எடுத்தாண்டது. ஈழத்தமிழ்க் குடும்பத்தில் வந்த மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் வெளியிட்ட 'கலா' தொகுப்பின் முதற்பாட்டில் 'தளபதி'யின் தாளத்தை வெட்டி ஒட்டினார். 2017இல் தம் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என எஸ்.பி.பி. தரப்புக்கு இளையராஜா வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியபோது, பிறர் மெட்டில் பாடித்தொடங்கியவர் இப்படிச் செய்யலாமா என்று சிலர் கேட்டனர். கேள்வியில் கூர்மை இருக்கிறது, நியாயம் குறைவு. கட்சிமேடையில் கட்டணமின்றிக் கேட்ட கூலித்தொழிலாளர் கூட்டமும் நுழைவுச்சீட்டு விற்ற வெளிநாட்டு அரங்கமும் ஒன்றல்ல. எனினும் நடவுப்பாட்டைத் தந்த பெண்களின் பெயர் எந்தத் தட்டின் பெயர்த்தாளிலும் இல்லை என்பதையும் அந்த விவாதத்தில் யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பெண்கள் எல்லாத் தொழிற்சங்கங்களையும் விலக்கிவைத்து 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸ் கேட்டு ஒன்பது நாள் போராடிப் பெற்றனர். அவர்களுடைய முழக்கங்கள் தமிழில், தாளக்கட்டோடு இருந்தன. வெளியிலிருந்து ஒரு பாவலரையும் அவர்கள் அழைக்கவில்லை. இன்று அம்மலையின் கோயில் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மடிக்கணினியோடு நிற்கும் இளைஞர்கள் டி.ஜே. என்று தம்மை அழைத்துக்கொள்கின்றனர். அடிச்சுரம் அதிரும் பெட்டிகள் வந்துவிட்டன. கூம்பு விழுங்கிய கீழ்ச்சுரங்கள் இப்போது மார்பில் மோதுகின்றன. அவர்கள் வெட்டி ஒட்டுவதில் பெரும்பகுதி இளையராஜா.

மூணாறு, தேவிகுளம், போடி, கம்பம், குமுளி வட்டாரங்களில் 1950 முதல் 1980 வரை மைக் செட் நடத்திய குடும்பத்தார் எவரையேனும் இதைப் படிப்போர் அறிந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். வாடகைக் கணக்கேடு, தட்டுப் பட்டியல், நிகழ்ச்சி இரசீது எதுவாயினும் பயன்படும். தட்டுகள் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. பெயர்த்தாள் இருந்தால் போதும்.